வெவ்வேறு மொழி விக்கிப்பீடியாக்களின் வளர்ச்சியை எப்படி அளந்து ஒப்பிடுவது?

ஒரு மொழி விக்கிப்பீடியாவின் வளர்ச்சி என்பது, குறிப்பிட்ட காலத்தில் அதன் உள்ளடக்கமும் அதைத் தொடர்ந்து எழுதித் திருத்துவோரின் தொகையும் எவ்வளவு பெருகின என்பதாகும். கட்டுரை எண்ணிக்கை உடனே கண்ணில் படுவதால் பலரும் அதை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழிப் பதிப்பில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை தரவுத்தளங்களிலிருந்து ஒரு தானியங்கி நிரல் உருவாக்கியவை.

மதுரைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கரையில் நின்றால் நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும்; வண்டல் மேவிக் கிடந்தால், எவ்வளவு அகன்ற கண்மாயாக இருந்தாலும் அதன் தண்ணீர் அறுவடை வரை தாங்காது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் 1 லட்சம் கட்டுரைகளைக் கடந்தது என்பதும் பரப்பைத்தான் சொல்கிறது. மதுரை மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் கைக்குழாய், நீர்த்தேக்கத் தொட்டி எண்ணிக்கைகளை ஒரே வார்ப்பில் தரும் கட்டுரையும், கீழடி அகழாய்வை விரித்துரைக்கும் கட்டுரையும் அந்தக் கணக்கில் தலா ஒன்றுதான்.

ஆகவே கட்டுரைகளின் சராசரி நீளம், ஒவ்வொன்றும் பெற்ற திருத்தங்கள், மாதம் 5 முறையேனும் திருத்துவோரின் தொகை ஆகியவற்றையும் சேர்த்து, ஒரே கால அளவுக்கு ஒப்பிட வேண்டும். இவற்றுள் கடைசியையே நான் முதன்மையாகக் கொள்வேன். ஆள் இல்லாத பதிப்பில் பிழைகள் அப்படியே தங்கிவிடும்.

பேசுவோர் மிகுந்தால் கட்டுரைகளும் தாமாகவே மிகும் என்று எண்ணுவது தவறு: தமிழைவிடப் பல மடங்கு பேசுவோரைக் கொண்ட இந்தியின் பதிப்பு, கட்டுரை எண்ணிக்கையில் தமிழுக்கு அருகிலேயே நிற்கிறது.