ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக் குழாய்கள் புதைபடிவமா?

ஏற்காடு அடிவார ஓடையில் பொறுக்கிய, பென்சில் தடிமன் வெள்ளைக் குழாய்கள் கேம்பிரியன் கால உயிரிகளா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடக்கக் கேம்பிரியனில் கடலில் வாழ்ந்த அனபரைட்டஸ் என்ற சிற்றுயிரியின் ஓடு குழாய் வடிவம், சில மில்லிமீட்டர் நீளம்தான்; குறுக்குவெட்டில் மூன்று மடல் தெரியும். வயது சுமார் 53 கோடி ஆண்டு. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு, அதுவும் பூமிக்கடியில் வெந்து உருமாறியது. அதில் ஓடு எங்கே தங்கும்? இந்தியாவில் அனபரைட்டஸ் குழாய்கள் முசூரிப் பக்கத்துப் பாஸ்பேட் பாறைகளில் கிடைக்கின்றன.

உங்களுடையது வேரைச் சுற்றிப் படிந்த சுக்கான்கல்லாக, அதாவது மண்ணில் உறைந்த சுண்ணாம்புக் கட்டியாக இருக்கலாம். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுத்துளையில் வேர் நார் இருந்தால் சரி, அதேதான். வினிகர் சோதனை வேண்டாம், சுண்ணாம்பு ஓடும் நுரைக்கும், சுக்கானும் நுரைக்கும்.