கழற்றி வைக்காதீர்கள் தம்பி, சத்தத்தை எண்ணிப் பாருங்கள்

கனடாவில் பிராம்ப்டனுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் வீடு, கடுகு தாளித்தாலே ஸ்மோக் அலாரம் அலறுகிறது, நடுராத்திரியில் காரணமே இல்லாமல் கீச் என்கிறது, கழற்றி டிராயரில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அதைக் கழற்றி வைப்பதும் செயலிழக்கச் செய்வதும் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் இருப்பது பேஸ்மென்ட். படிக்கட்டில் புகை நிறைவதற்குள் நீங்கள் எழுந்தாக வேண்டும். புகை வாசனை வந்தால் விழித்துக்கொள்வோம் என்று நம்பிப் படுக்காதீர்கள்.

முதலில் அந்த ராத்திரிச் சத்தம். நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றைக் கீச் என்றால் பெரும்பாலும் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். விடியற்காலையில்தான் வீடு நன்றாகக் குளிர்ந்திருக்கும். குளிரில் பழைய பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும், உடனே கத்தும். காலையில் வீடு சூடானதும் நின்றுவிடும், நாமும் மறந்துவிடுவோம். கரென்ட்டில் ஓடும் அலாரத்துக்குள்ளும் பேட்டரி உண்டு, பல மாடல்களில் 9 வோல்ட் செவ்வக பேட்டரி. புதிதாகப் போட்ட பிறகும் கீச் என்றால் மூடி சரியாக மூடவில்லையா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பேட்டரியை எடுத்து, கரென்ட் இணைப்பையும் பிரித்து, டெஸ்ட் பட்டனைச் சுமார் 20 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் இதே கீச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அலாரத்துக்கும் கீழே ஒரு நிமிடம் நின்று காது கொடுத்துக் கேட்டேன். கூரையில் இருந்த இரண்டும் மௌனம். கடைசியில் பார்த்தால் சோபாவுக்குப் பின்னால், தரையோரப் பிளக்கில் செருகியிருந்த, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கான அலாரம். மஞ்சளாகிப் போயிருந்தது, பின்புறம் போட்டிருந்த காலாவதித் தேதி எப்போதோ கடந்திருந்தது. அதனால் மேலே மட்டும் தேடாதீர்கள்.

இந்த எண்ணிக்கையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். மூன்று பீப், இடைவெளி, மறுபடி மூன்று என்றால் புகை. நான்கு நான்காக வந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பழுதானால் கசியும். நான்கு கேட்டால் ஜன்னலைத் திறக்கிறேன், காரணத்தைத் தேடுகிறேன் என்று உள்ளே நிற்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911 அவசர எண்ணை அழையுங்கள்.

சரி, தாளிப்புக்கு வருவோம். அலாரத்தில் இரண்டு வகை உண்டு. அயனைசேஷன் வகை கண்ணுக்கே தெரியாத நுண்துகளையும் பிடித்துவிடும். எண்ணெய் காய்ந்து மிளகாய் கிள்ளிப் போட்டதும் அலறுவது பெரும்பாலும் அதுதான். ஃபோட்டோஎலக்ட்ரிக் வகை சமையலுக்கு அவ்வளவு சீக்கிரம் கத்தாது, ஆனால் குளியலறை நீராவி பட்டால் கத்தலாம். அடுப்புக்கு 3 மீட்டருக்குள் அலாரம் இருந்தால் இடம் மாற்றி, ஃபோட்டோஎலக்ட்ரிக் போட்டுத்தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அது ஃபில்டர் வழியாகச் சுற்றி அறைக்குள்ளேயே விடும். அப்படியென்றால் எண்ணெய் வைப்பதற்கு முன்பே ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வெளியே மைனஸ் 15 ஆனாலும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் இதே கதைதான்.

அப்படியும் அலறினால், தீ இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு ஹஷ் பட்டனை அழுத்துங்கள். சுமார் 10 நிமிடம் அடங்கியிருந்து தானே பழைய நிலைக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் பை சுற்றுவது மட்டும் கூடாது. பல வீடுகளில் பார்த்துப் பதறியிருக்கிறேன். பிற்பாடு அபார்ட்மென்ட்டுக்கு மாறினால் புகையை விரட்ட வராந்தாக் கதவைத் திறக்காதீர்கள், கட்டடத்தின் அலாரமே அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும்.

இன்றைக்கே ஒரு நாற்காலி போட்டு அலாரத்தைத் திருப்பிக் கழற்றிப் பின்னால் இருக்கும் தயாரிப்புத் தேதியைப் படித்துவிட்டு மாட்டுங்கள். 10 வருடம் தாண்டியிருந்தால் பேட்டரி மாற்றிப் பயனில்லை, அலாரத்தையே மாற்ற வேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, மாற்றித் தரச் சொல்லி அவருக்கு எழுத்திலேயே அனுப்புங்கள். என்ன தேதி இருந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.