எகிப்தில் குதிரை ஓட்டியது – கடிதம்

வணக்கம் சார்,

போன மாதக் கட்டுரை ஒன்றில், போகிற போக்கில், "எகிப்தில் மூன்று மாதம் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். பயணக் கட்டுரை வரும் என்று காத்திருந்தேன். அது வீடியோ கேம் என்று நண்பர் ஒருவர்தான் சொன்னார். உண்மையில் ஏமாற்றமாக இருந்தது. என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். அதே 'அசாசின்ஸ் க்ரீட் ஒரிஜின்ஸ்' வேண்டும் என்று ஒரு வருஷமாக நச்சரிக்கிறான். "உங்க எழுத்தாளரே விளையாடுறாரு, நான் விளையாடினா மட்டும் தப்பா?" என்கிறான். அதில் வரலாறு என்று ஏதாவது உண்டா, இல்லை ஆளை வெட்டுவதற்குப் பின்னால் தொங்கவிட்ட படுதாவா? உங்களுக்கு நேரம் வீணாகவில்லையா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

உங்கள் மகன் கையில் ஆயுதம் எடுத்துக் கொடுத்ததற்கு முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் வீணானதா என்றால், ஆனது. 94 மணி நேரம் என்று கணக்கு காட்டுகிறது. அதில் பாதிக்கு மேல் கோட்டைச் சுவர் ஏறிக் குதிப்பதிலும், காவலனைப் பின்னாலிருந்து குத்துவதிலும், அவன் மடியைத் துழாவுவதிலும் போனது. மூன்றாவது கோட்டைக்கும் இருபதாவது கோட்டைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கதையைப் பொறுத்தவரை நீங்கள் சொன்ன படுதா சரிதான். கி.மு. 49இல் தொடங்குகிறது. கிளியோபாட்ராவும் அவள் தம்பி பதின்மூன்றாம் தாலமியும் அரியணைக்கு அடித்துக்கொள்கிற சமயம். சீவா பாலைவனச் சோலையைச் சேர்ந்த பாயெக் என்பவன், மகனைக் கொன்றவர்களைத் தேடிப் புறப்படுகிறான். அவன் கற்பனைப் பாத்திரம். 'கடைசி மெட்ஜாய்' என்று தன்னைச் சொல்லிக்கொள்வான். உண்மையில் அந்தக் காவலர் பதவி ஏட்டில் வழக்கொழிந்து அதற்குள் ஆயிரம் வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் கதையை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டுச் சும்மா சுற்றினால் வேறு மாதிரி. ஒருநாள் ஃபய்யூமில் வாய்க்கால் ஓரமாகக் குதிரையை நிறுத்தினேன். ஒருவர் துலா இறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஏற்றத்தில் மரத்தின் மேலேயே ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். எகிப்தின் துலாவுக்கு அந்த ஆள் தேவையில்லை, பின்நுனியில் அப்பிய களிமண்தான் எடை. கீழே இழுக்கத்தான் பலம் வேண்டும், மேலே அதுவே தூக்கிக்கொள்ளும். இதை எத்தனையோ தடவை படத்தில் பார்த்திருக்கிறேன். அந்த எடை எதற்கு என்று பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. நான் எதையும் செய்யவில்லை, யாரையும் கொல்லவில்லை, பாயிண்ட் எதுவும் ஏறவில்லை. பொழுது சாய்ந்தது. மனைவி வந்து, "என்ன, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

தெருவெல்லாம் பூனைகள் வேறு. முதலில் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். கதை நடக்கும் காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் எகிப்துக்கு வந்த டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், ஒரு ரோமானியன் தவறுதலாகப் பூனையைக் கொன்றதையும் கூட்டம் கூடி அவனைக் கொன்றதையும் நேரில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மன்னர் அனுப்பிய அதிகாரிகள் கெஞ்சியும் விடவில்லையாம். அதைப் படித்த பிறகு, விளையாட்டில்கூடப் பூனை குறுக்கே வந்தால் குதிரையை நிறுத்திவிடுவேன்.

இப்போது வரலாறு உண்டா என்ற உங்கள் கேள்வி. உண்டு, ஒரு கோளாறோடு. புத்தகம் எழுதுகிறவருக்கு 'இருக்கலாம்' என்றொரு சொல் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரியா நூலகம் எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதன் கட்டடத்தில் ஒரு செங்கல்கூட அடையாளம் காணப்படவில்லை. ஆசிரியர் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். விளையாட்டைச் செய்கிறவர் போக முடியாது. நான் கதவைத் திறந்து உள்ளே போவேன். தூண் எத்தனை, அலமாரி என்ன உயரம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, எல்லாவற்றையும் அவர் முடிவு செய்தாக வேண்டும். நான் பார்த்த நூலகம் அபாரம். நாளைக்கு யாராவது அந்த நூலகத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு அந்தத் தூண்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அதுதான் பயம்.

கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு இன்னும் சுவாரஸ்யம். மேலே கற்களைக் கொண்டுபோக உள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறும் சாய்வுப் பாதை இருந்தது, அரசனின் அறைக்குப் பக்கத்தில் இன்னும் திறக்காத அறைகள் இருக்கின்றன என்று ழான்-பியர் ஊதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார். எகிப்தியவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. விளையாட்டு அவர் கட்சி. அந்த அறைகளுக்குள் தீப்பந்தத்தோடு நடந்துவிட்டு வந்தேன். விளையாட்டு வெளியானது 2017 அக்டோபர் 27. அடுத்த வாரமே, நவம்பர் 2ஆம் தேதி, விண்ணிலிருந்து வந்து கல்லையும் ஊடுருவும் மியூவான் என்ற நுண்துகள்களை வைத்து ஆராய்ந்த குழு, அதே பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்று இருப்பதாக அறிவித்தது. ஊதான் சொன்னதை அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அந்த வாரம் விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். நான் இரண்டு மூன்று வருஷம் தாமதம், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிறகு, தூரம். சீவாவிலிருந்து அலெக்ஸாண்ட்ரியாவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் பாலைவனம். விளையாட்டில் ஒரு காபி ஆறுவதற்குள் போய்விடலாம். வெயிலில் ரொம்ப நேரம் நின்றால் பாயெக்குக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், அவ்வளவுதான் பாலைவனம். நமக்கு நெருக்கமான எகிப்து அந்த வரைபடத்திலேயே கிடையாது. செங்கடல் கரையில் பெரெனிகே என்ற துறைமுகம், இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரில் அமைத்தது. அங்கே கோயில் முற்றத்தில் இந்தியத் தாழி ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள், உள்ளே ஏழரைக் கிலோ மிளகு. தமிழ் பிராமி எழுதிய ஓடும் கிடைத்தது. வடக்கே குசேர் அல்-கதீமில் கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்று இருக்கிறது. நம் உறிதான். பெரெனிகேயில் கிடைத்தவை கிளியோபாட்ராவுக்கு ஒரு நூற்றாண்டு போலப் பிந்தியவை, அதனால் விளையாட்டைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் வரைபடத்தின் கிழக்கு ஓரத்துக்கு வந்து குதிரை நிற்கும்போதெல்லாம் அந்த உறி ஞாபகம் வரும்.

சரி, மகன் விஷயம். ஐரோப்பிய வயதுச் சான்று இதற்கு 18 என்று போட்டிருக்கிறது, சும்மா போடவில்லை. ரத்தம் நிறைய. ஆனால் 2018 பிப்ரவரியில் இதிலேயே 'டிஸ்கவரி டூர்' என்று ஒன்று சேர்த்தார்கள். சண்டை கிடையாது, வாள் கிடையாது. அதே ஊர்களில் நடந்துகொண்டே 75 சுற்றுலாக்கள்: ரொட்டி சுடுவது, பீர் காய்ச்சுவது, மம்மி செய்வது, கலங்கரை விளக்கம். அதில் ஓர் இடத்தில் பள்ளிக்கூடம் வரும். பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே, வரலாற்றில் இப்படி இருந்திருக்க வாய்ப்பில்லை, நாங்கள் தெரிந்தேதான் இப்படி வைத்தோம் என்று ஒப்புக்கொள்ளும் குறிப்பும் இருக்கும். நான் சொன்ன அந்த 'இருக்கலாம்' இங்கே கொஞ்சம் திரும்பி வருகிறது. அதே ஆட்கள் சிலைகளின் மறைவிடங்களைச் சிப்பி வைத்து மூடியிருப்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்தால் உங்கள் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

இந்த டிஸ்கவரி டூரை முதலில் வாங்கிக் கொடுங்கள், தனியாகவும் கிடைக்கிறது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, நூலகத்துக்குள் அவனைக் கூட்டிப்போகச் சொல்லி, "இதுல எந்தச் சுவர் இவங்களா கட்டினது?" என்று கேட்டுப் பாருங்கள். என் மகள் முதலில் எரிச்சலானாள். அப்புறம் அவளே தேட ஆரம்பித்து, கூஃபுவின் பிரமிடுக்குத் துரா என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிவந்த மேரெர் என்பவரின் நாட்குறிப்பில் போய் நின்றாள். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் கிடைத்தது, நாலாயிரத்து ஐந்நூறு வருஷப் பழசு. அதில் அவர் எழுதியிருப்பதெல்லாம் இன்றைக்குக் கல் ஏற்றினோம், இன்றைக்கு இங்கே தங்கினோம் என்பதுதான். "அப்பா, இவரு வேலைக் கணக்கு எழுதுற மேஸ்திரி" என்றாள்.

முழு விளையாட்டுக்குப் பதினெட்டு முடியட்டும். அவன் எப்படியும் நண்பன் வீட்டில் ஏற்கெனவே பாதி முடித்திருப்பான். அப்படியானால் ஓர் உதவி. ஃபய்யூம் ஏரிக்கரை நாணலில் ஒரு நீர்யானை நிற்கிறது. மூன்று தடவை செத்துவிட்டேன். எப்படித் தாண்டினான் என்று கேட்டு எழுதுங்கள்.