கம்ப்யூட்டர் சயின்ஸா, ஈசிஇயா? அம்மாப்பேட்டை அண்ணாவுக்கு

அண்ணா, "கம்ப்யூட்டர் சயின்ஸ்னா சாஃப்ட்வேர், ஈசிஇன்னா ஹார்ட்வேர். பாப்பாவுக்கு எதுங்க நிக்கும்?" என்று, மகளின் பொறியியல் படிப்பைப் பற்றி நேற்று கேட்டீர்கள். (ஈசிஇ என்றால் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்.) இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் இருப்பதாக நினைப்பதால் வரும் கவலை இது.

உங்கள் தறியையே பாருங்கள். ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டை, தறியைச் சேர்ந்ததா, டிசைனைச் சேர்ந்ததா? அட்டையை மாற்றினால் பார்டர் மாறுகிறது. அட்டையே இல்லாவிட்டால் எந்தப் பாவு இழையைத் தூக்குவது என்று பெட்டிக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குள்ளும் இந்த மாதிரி அட்டைகள் நிறைய. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை, மதர்போர்டு சிப்பில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல். தகவலைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டிக்குள் தனியாக ஒரு செயலி உண்டு. விண்டோஸ் ஓர் இட எண்ணைச் சொல்லி, அங்கே எழுதச் சொல்லும். உள்ளே உண்மையில் எந்த இடத்தில் எழுதுவது என்பதை அந்தச் செயலியில் ஓடும் நிரலே முடிவு செய்யும். பேராசிரியர் டானென்பாம் மாணவர்களுக்காக 1987-ல் எழுதிய மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் (விண்டோஸ் மாதிரி ஆப்பரேட்டிங் சிஸ்டம்) வழிவந்த ஒன்று, இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே ஓடுவது 2017-ல் தெரியவந்தது.

1994-ல் பென்டியம் சிப் வகுத்தல் கணக்கில் தப்பு செய்தபோது சிப்பையே மாற்றித் தர வேண்டியிருந்தது. 2018-ல் செயலி சிப்புகளில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது, சிப் இருந்த இடத்திலேயே இருக்க, இயங்குதளத்தைத் திருத்தியும் சிப்புக்குள்ளேயே ஓடும் மைக்ரோகோடு என்ற நிரலைப் புதுப்பித்தும் சமாளித்தார்கள். அந்த வேலைக்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

அதனால் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் இந்த இரண்டில் எது கிடைத்தாலும் தயங்காமல் சேருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் (கம்ப்யூட்டரின் உள்ளமைப்பு) பாடத்தையும், ஈசிஇ என்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் பாப்பா விடக்கூடாது. சி மொழி கை பழக வேண்டும். சின்ன மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர்) போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இயங்குதளமே இல்லாமல் அதில் ஒரு எல்இடியை எரிய வைக்கும்போது புரிவது, புத்தகத்தில் பத்துத் தடவை படித்தாலும் புரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஃபர்ம்வேர், டிவைஸ் டிரைவர் (கருவிகளை இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரல்) எழுதும் வேலைகள் வெப்சைட் வேலைகளைவிட எண்ணிக்கையில் குறைவு. பெங்களூரு, சென்னை, கோவை என்று ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். அதற்கு நீங்கள் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் லிஸ்ட்டை லாக் செய்வதற்கு முன்னால் பாப்பாவை ஒருமுறை கூட்டி வாருங்கள். சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிப் பார்த்தாள் என்றீர்களே, அதை அவள் வாயால் கேட்க வேண்டும்.