கல்யாணப் பத்திரிகை இன்ஸ்டால் ஆகுமா?

கே: தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டதும் இன்ஸ்டால் செய்யவா என்று கேட்டது, சரி என்று கொடுத்துவிட்டேன். இப்போது என் எண்ணிலிருந்து எல்லோருக்கும் அதே பத்திரிகை போகிறதாம்!

ப: முதலில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. இந்த ரகச் செயலிகள் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடும். அப்புறம் 'அக்சசிபிலிட்டி' கேட்கும். அது பார்வைக் குறைபாடு போன்ற சிரமம் உள்ளவர்களுக்காக வைத்த வசதி. அது கிடைத்தால் திரையில் இருப்பதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பட்டனும் அழுத்தலாம். செட்டிங்ஸில் அந்த அனுமதியை எடுத்துவிட்டு செயலியை நீக்குங்கள். அடம்பிடித்தால், நாம் இன்ஸ்டால் செய்த செயலிகள் இயங்காத 'சேஃப் மோடில்' முயலுங்கள். என்னைக் கேட்டால், போட்டோக்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்வதுதான் நிம்மதி. பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். இதிலேயே மாற்றினால் புதியதும் அவர்களுக்குத் தெரிந்துவிடலாம். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் உண்டு.

கே: கூரியர்காரர் என்று பேசியவர் *401* போட்டு ஒரு எண்ணை அழைக்கச் சொன்னார். அழைத்தேன், எதுவும் நடக்கவில்லை.

ப: நடந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அது கால் ஃபார்வர்டிங். உங்களுக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். வாட்ஸ்அப்பில் நுழைவதற்கான சரிபார்ப்புக் குறியீட்டைக் குரல் அழைப்பில் வாங்கி உங்கள் கணக்கைப் பிடித்துக்கொள்வார்கள். இப்படி டயல் செய்து ஃபார்வர்ட் செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் ஃபார்வர்ட் ஆகியிருக்கிறதா என்று *#21# போட்டுப் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ##002# எல்லா ஃபார்வர்டிங்கையும் ரத்து செய்யும்.

கே: பஸ் ஸ்டாண்டில் சார்ஜ் போட்டால் ஹேக் ஆகுமா?

ப: செய்ய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே போன் களவுபோகும் வாய்ப்புதான் அதிகம்! அங்கிருக்கும் யூஎஸ்பி துளையில் செருகாமல், சொந்த அடாப்டரை பிளக்கில் செருகுங்கள், போதும்.

கே: மிஸ்டு காலிலேயே ஹேக் செய்வார்களாமே?

ப: 2019-இல் நடந்தது. வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாக, அழைப்பை எடுக்காதவர்களின் போனிலும் பெகாசஸ் உளவு மென்பொருள் நுழைந்தது. அந்த ஆண்டு மே மாதமே ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பெகாசஸ் அரசு அமைப்புகளுக்கு விற்கப்படும் விலை உயர்ந்த சரக்கு. குறிவைக்கப்பட்டது பத்திரிகையாளர்கள், மனித உரிமை ஆர்வலர்கள் போன்றவர்கள். உங்கள் போன் எத்தனை வருடப் பழையது என்று எழுதவில்லையே? பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன் என்றால் அதில் வங்கிச் செயலி வைத்துக்கொள்ள வேண்டாம்.