பிள்ளைகளின் விளையாட்டுத் திடலைப் புதுப்பிக்கும் முன் அக்கம்பக்கத்தாரிடம் எப்படிக் கருத்துக் கேட்பது?

கூட்டம் மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கூட்டத்துக்கு வருவது எப்போதும் அதே நாலு பேர், அதிலும் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே முடிவாகிவிடும்.

சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் திடலுக்கே போங்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன வேணும்?" என்றால் ஊஞ்சல் என்றுதான் வரும். "உனக்குப் பிடிக்காத இடத்தைக் காட்டு" என்று கூடவே நடந்தால், மத்தியான வெயிலில் தொடையைச் சுடும் தகரச் சறுக்கும், மழை பெய்தால் ஊஞ்சலுக்கு அடியில் தேங்கும் தண்ணீரும் தானாக வெளியே வரும். பேரனைக் கூட்டிவரும் பாட்டிக்கு நிழலில் ஒரு பெஞ்சு வேண்டும், சக்கர நாற்காலி மணலில் புதையும். இதெல்லாம் படிவத்தில் வராது.

வளர்ந்த பெண் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேளுங்கள், ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் அங்கே இருக்கவே மாட்டார்கள். வியன்னாவில் 1990களில் செய்த ஆய்வில், பத்து வயதை ஒட்டி அவர்கள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. அப்புறம் அங்கே சில பூங்காக்களை அவர்களையும் மனதில் வைத்து மாற்றினார்கள்.

பணம் எவ்வளவு, எதை மாற்றவே முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் வரைபடத்தைத் திடலின் வாசலிலேயே ஒட்டி, எந்த யோசனையை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று எழுதி வையுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். பதில் வராவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.