நித்தியகல்யாணி வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி (திருவொற்றியூர்): கோடை முழுவதும் பூத்த செடி, ஐப்பசி மழையில் தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டது. உரம் போதவில்லையா?

பதில்: உரக்குறை அன்று. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வறட்சியைத் தாங்கும். வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்தால், பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரி தண்டையும் வேரையும் அழுகச் செய்கிறது, அந்நிலையில் உரமிடுவதால் பயனில்லை. சாய்ந்த செடியை மண்ணோடு அகற்றிவிடுங்கள். புதிய செடிக்குச் செம்மண்ணுடன் ஆற்று மணலைத் தாராளமாகவும் மக்கிய தொழு உரத்தைச் சிறிதளவும் கலந்து, தொட்டியைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்து, அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைமழை நாள்களில் தொட்டியைக் கூரையின் கீழ் நகர்த்துவது எந்த மருந்தையும்விட மேலானது.

கேள்வி (காசிமேடு): எங்கள் போர் தண்ணீர் உப்பு. இதை ஊற்றலாமா?

பதில்: ஓரளவு உப்பை இது பொறுத்துக்கொள்ளும், கடலோர மணலிலும் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தென்பட்டால், குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகே மறுபடி நீர் விடுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): விதை முளைக்கவே இல்லை.

பதில்: விதை முளைக்க இருட்டு வேண்டும். மழை ஓய்ந்தபின், தை மாதத்தில் விதைத்து மெல்லிய மண்ணால் மூடுங்கள். நாற்று நன்கு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): சர்க்கரை நோய்க்கு இதன் இலையை மென்று தின்னலாம் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இது நச்சுச்செடி. 1950களில் கனடாவில் சர்க்கரை நோய்க்காக இதனை ஆராய்ந்தபோது, இலைச்சாறு எலிகளின் வெள்ளை அணுக்களைக் குறைப்பது தெரியவந்தது; அந்த வழியில்தான் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் கண்டறியப்பட்டது. மருத்துவமனையில் அளவு பார்த்து ஏற்றும் மருந்தின் மூலப்பொருளை வீட்டில் கைக்கணக்கில் உண்பது உயிருக்கே ஆபத்து. பூவைப் பூஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் ஆடுமாடுகளும் இலையைக் கடிக்காமல் காத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (எண்ணூர்): பூக்கள் பச்சை இலைபோல மாறுகின்றன.

பதில்: தத்துப்பூச்சி பரப்பும் நோய் இது, குணமாகாது. அருகிலுள்ள செடிகளுக்குப் பரவுமுன் வேரோடு பிடுங்கி அகற்றிவிடுங்கள்.